மூன்றாம் மாடி வால்வு

அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி கம்பெனி முழுக்க அவர் நொட்டை. முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் "நொட்டை". தீத்தடுப்புச் சாதனங்களைப் பொருத்திப் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சோதனைக்காரர். கட்டடம் கட்டடமாகப் போய், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களையும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களையும் பார்ப்பது வேலை. பார்த்துவிட்டுத் திட்டுவது அவராகச் செய்த சேவை.

திட்டக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தொழிலில் நாள் முழுக்கக் காறித் துப்பினாலும் துப்ப வேண்டிய இடம் மிச்சமிருக்கும். தீயணைப்பு சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பான் ஒருவன். ஸ்பிரிங்க்ளர் குழாயில் ஈரத் துணி காயப் போட்டிருப்பாள் ஒருத்தி. கம்பெனி ஆளே சிலிண்டரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், அதன் கழுத்து அட்டையில் தேதியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்டபடியே நொட்டை குறைச்சீட்டுப் புத்தகத்தை எடுப்பார். ஒருவன் பெயரில் மூன்று சீட்டு சேர்ந்தால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கம்பெனியின் சீட்டுகளில் பாதிக்கு மேல் அவர் எழுதியவை. அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு ஓர் அங்குலம் முன்னால் வரும். அவர் பார்த்த வேலையைத் திரும்பப் பார்க்க ஆளே கிடையாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

அவர் மிகவும் கேவலமாக நினைத்த மனிதன் அவருடைய மச்சினன்தான். பெண்டாட்டியின் தம்பி. அக்கா கண்ணைக் கசக்கியதால் ஆறு வருஷத்துக்கு முன்னால் இவரே சேர்த்துவிட்ட ஆள். என்ன சொன்னாலும் பல்லைக் காட்டுவான், சாப்பாட்டு நேரத்துக்கு முதல் ஆளாக வருவான், படித்ததை மறந்துவிடுவான். அவன் பெயரில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று, பிரஷர் கேஜின் கண்ணாடியைத் துடைக்காமல் அளவு படித்ததற்கு. இன்னொன்று, ஒரு நட்டை அரைச் சுற்று குறைவாக முறுக்கியதற்கு. இரண்டையும் எழுதியவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

"சொந்தத் தம்பி மாதிரி பாத்துக்கிறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனீங்க?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"சொந்தத் தம்பியா இருந்தா மூணாவது சீட்டும் எழுதியிருப்பேன்."

"எழுதுங்க. அவன் புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து இந்தக் கூடத்துலயே உக்கார வெக்கிறேன்."

நொட்டை, அடுப்படியில் கேஸ் குமிழைச் சரியாக மூடவில்லை என்று சொல்ல எழுந்து போனார். சரியாகத்தான் மூடியிருந்தது.

அந்த வருஷம் மேனேஜர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, வாயைத் திறந்தால் "தொடர் முன்னேற்றம்" என்று சொல்லும் ஆளாகத் திரும்பி வந்தார். சுவரில் அம்புக்குறி போட்ட படங்களை ஒட்டினார். அவற்றில் உருப்படியான யோசனை ஒன்றே ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை இரண்டு இரண்டு பேராகக் கட்டடங்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க வேண்டும். கிராஸ் செக்கிங். சீட்டுக் குலுக்கியதில் நொட்டைக்கு ஜோடியாக வந்தவன் மச்சினன். அறையே சிரித்தது. நொட்டையும் சிரித்தார்.

"என் வேலைய இவன் பாக்கப் போறானா? மொதல்ல வால்வு எது, வாளி எதுன்னு யாராவது அவனுக்குக் காட்டுங்கப்பா."

மச்சினனும் சேர்ந்து பல்லைக் காட்டினான்.

அவன் பார்க்கப் போனது நொட்டையின் பொறுப்பில் இருந்த ஒரு முதியோர் இல்லம். மூன்று மாடி. மேல் மாடியில் படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் இருந்தார்கள். மறுநாள் அறிக்கை வந்தது. நாற்பத்தாறு கேள்விக்கும் "சரி" என்று எழுதியிருந்தான். பார்த்ததும் நொட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வேலையில் குறை இருக்காது, அது வேறு விஷயம். ஆனால் இந்தச் சோம்பேறி நாற்பத்தாறையும் போய்ப் பார்த்திருக்கவே மாட்டான். கையும் களவுமாகப் பிடித்தே தீருவதென்று அன்று மதியமே இல்லத்துக்குக் கிளம்பினார்.

மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஓரம், அந்த மாடிக்குத் தண்ணீர் விடும் வால்வு இருந்தது. அதன் சக்கரத்தை யாரும் திருப்பிவிடாமல் இருக்கச் சங்கிலியால் சுற்றிப் பூட்டுப் போடுவார்கள். நொட்டை எப்போதும் இரண்டு சுற்றுச் சுற்றி, பூட்டின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். இப்போது ஒரு சுற்றுத்தான் இருந்தது. பூட்டு வெளியே பார்த்தபடி தொங்கியது. மச்சினன் இல்ல அலுவலகத்தில் சாவி வாங்கிச் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறான். ஏன்? அறிக்கையில் "திறந்துள்ளது, சரி" என்றல்லவா எழுதியிருந்தான்?

கம்பெனி ஸ்டோர் ரூமில் போய் அவனைப் பிடித்தார்.

"அந்த மூணாம் மாடி வால்வுல என்னடா கை வெச்ச?"

மச்சினன் முதல் தடவையாகப் பல்லைக் காட்டவில்லை. கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மூடியிருந்துச்சு மாமா. தொறந்து விட்டுட்டேன். விடுங்க."

"எது மூடியிருந்துச்சு?"

"வால்வுதான். முழுசா. எனக்கு எதுவும் சரியா தெரியாதா, மூணாவது சீட்டு வந்துடுமோன்னு பயம் வேற. அதான் எல்லாத்தையும் தொட்டு, திருப்பித் திருப்பிப் பாத்தேன். சக்கரம் சுத்திக்கிட்டே போச்சு, உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அக்கா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. சரின்னு எழுதிட்டேன்."

நொட்டை பழைய பதிவேடுகளை எடுத்துவந்து மேஜையில் பரப்பினார். பதினோரு மாதத்துக்கு முன்னால் அந்த மாடியில் ஒரு ஸ்பிரிங்க்ளரை மாற்றியிருந்தார். மாற்றுவதற்காக வால்வை மூடி, யாரும் திறந்துவிடக் கூடாது என்று தானே சங்கிலி போட்டுப் பூட்டினார். மாற்றி முடித்த நேரம், பக்கத்துத் தாழ்வாரத்தில் பெயிண்டர்கள் ஸ்பிரிங்க்ளர் மேலேயே வெள்ளை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினார், பெயிண்டர்களின் மேஸ்திரியை வரவழைத்துத் திட்டினார், மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினார். புகாரின் நகல் அதே பதிவேட்டில் இருந்தது, அழகான கையெழுத்தில். திட்டிய சந்தோஷத்தில் வால்வைத் திறக்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அதற்குப் பின் மாதா மாதம் அந்த வால்வின் முன்னால் நின்றிருக்கிறார். தன் கை போட்ட சங்கிலி, தன் பூட்டு. அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக்கூடப் பார்க்காமல், பதினோரு தடவை "திறந்துள்ளது" என்று எழுதியிருக்கிறார். சிலிண்டரைத் தூக்காமல் அட்டையில் தேதி போட்டவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது ஊரைத் திட்டவில்லை. மேல் மாடியில் படுத்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தார். ஒரு பொறி விழுந்திருந்தால் மேலிருந்து ஒரு சொட்டு வந்திருக்காது.

குறைச்சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அதுவரை மனுஷன். அடுத்து, கண்டுபிடித்தவர் யார்? மச்சினன் பெயரை எழுதினால், அறிக்கையில் ஏன் "சரி" என்று எழுதினாய் என்று கேட்பார்கள். கிராஸ் செக்கிங்கில் கவனிக்காமல் விட்டால் சீட்டு கிடையாது, கண்டுபிடித்து மறைத்தால் உண்டு; மூன்றாவது சீட்டு விழும். வேலை போகும், பிள்ளைகளோடு கூடத்துக்கு வந்துவிடுவான். பிறகு அந்த இடத்திலும் தன் பெயரையே எழுதினார். வால்வை அறிக்கைக்குப் பிறகு யாரோ மூடியிருக்க முடியாதா என்று மேனேஜர் கேட்பார் என எதிர்பார்த்தார். கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஏன் மேனேஜராக இருக்கப்போகிறார்?

அவர் சீட்டைப் படித்துவிட்டு நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். "தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சு, தானே சீட்டு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க! இந்த மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல சார்!"

ஒரே வாரத்தில் நொட்டையின் படம் பெரிதாகச் சாப்பாட்டு அறையில் தொங்கியது. கீழே, "நேர்மையே தரம்". அவரால் திட்டு வாங்கிய அத்தனை பேரும் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் மட்டும் வெளியே வண்டிக் கொட்டகையில் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். தன் படத்தைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றியது.

அதோடு விட்டார்களா? மாதக் கூட்டத்தில் மேனேஜர் அவரை மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்தாத குறையாகத் தூக்கி வைத்து ஆடினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"கிராஸ் செக்கிங்னு ஒண்ணு ஆரம்பிச்சோம். மாசம் ரெண்டு நாள் வேலை அதுலயே போகுது. இவ்வளவு பெரிய தப்பு அதுல மாட்டவே இல்ல. பாத்தவர் சரின்னு எழுதிட்டார். கண்டுபிடிச்சது யாரு? சார்தான். தன் வேலைய மறுபடி தானே போய்ப் பாத்தார். அப்ப எதுக்கு இன்னொரு ஆள்? அவங்கவங்க மனசாட்சி போதும். என்ன சார், கிராஸ் செக்கிங் வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

எல்லாத் தலையும் அவரைப் பார்த்தது. அவரைப் பதினோரு மாதத்துக்குப் பிறகாவது பிடித்தது அந்த ஒன்றுதான். அது இல்லையென்றால் இன்றைக்கும் அந்த வால்வு மூடித்தான் இருக்கும், இன்றைக்கும் அவர் "திறந்துள்ளது" என்று எழுதிக்கொண்டுதான் இருப்பார். இது அந்த அறையில் இரண்டே பேருக்குத் தெரியும். வேணும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மச்சினன் போவான், சுவரில் தொங்கும் படமும் போகும். வாழ்நாளெல்லாம் கேட்காமலே குறை சொன்ன வாய், கேட்டபோது ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்," என்றார்.

முதலில் கைதட்டியவன் மச்சினன்தான். மாதம் இரண்டு நாள் மிச்சம் என்ற சந்தோஷத்தில் நிஜமாகவே தட்டினான். மச்சினனுக்காகத்தான் சொன்னேன் என்று நொட்டை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அதை அவரே நம்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் வண்டிக் கொட்டகையில் அவனை மடக்கினார். இந்தத் தடவை "டேய்" வரவில்லை.

"இங்க பாரு. மாசம் ஒருநாள் நீ வந்து என் கட்டடத்தை எல்லாம் ஒருதடவ பாத்துடு. போன தடவ பாத்த மாதிரியே, தொட்டு, திருப்பி. யாருக்கும் சொல்ல வேண்டாம்."

மச்சினன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"வேண்டாம்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க? உங்களுக்கு எதுக்கு மாமா செக்கிங்கெல்லாம்?" என்றான், கேலி துளியும் இல்லாமல். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே விட்டான்.