வளர மறுத்த வயிற்றுக் கிருமி

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனை ஆய்வகத்தில் நான் சேர்ந்த புதிதில், இரைப்பைக் கிருமியை எங்களால் வளர்க்கவே முடியவில்லை. எண்டோஸ்கோப்பி அறையில் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து துணுக்குச் சதை கிள்ளுவார்கள். காலை நோயாளிகள் எல்லோரும் முடியும்வரை அது உப்புநீர் பாட்டிலில் மேசைமேல் கிடக்கும். காற்றும் வெக்கையும் பட்டால் சாகிற கிருமி. மாடியிலிருந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது வெறும் சதைதான்.

ஊட்டத் திரவம் ஊற்றிய சோதனைக் குழாயை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு நானே போய் எண்டோஸ்கோப்பி அறை வாசலில் நின்றேன்.

"ஐஸ்காரரு வந்துட்டாரு. சேமியா ஐஸ் இருக்கா?" என்பார் நர்ஸ் அக்கா.

அதன்பிறகு சிலருடையது வளர்ந்தது. வளராதவர்களில் ஒருவர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊர். இரண்டு முறை முழுசாக மருந்து சாப்பிட்டும் கிருமி போகவில்லை, புண் ஆறவில்லை. கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்தால்தான் டாக்டர் அடுத்த மருந்தை எழுத முடியும். மறுபடி வரச் சொன்னோம்.

"மருந்து ஏதாவது சாப்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்லீங்கம்மா."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கூலி வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் கேஸ் மாத்திரை இருக்கும். அதை வீட்டில் யாரும் மருந்தாக நினைத்ததில்லை.

"கேஸ் மாத்திரைண்ணே?" என்று கேட்டேன்.

"அது டெய்லி போடறதுதானப்பா. ஷிஃப்டுக்குப் போவசொல்ல போட்டுகினுதான் போவேன்."

"சோத்த மறந்தாலும் அத மறக்காது இந்த ஆளு. இன்னிக்குங்கூட முழுங்கிகினுதான் வந்துது" என்றார் அவர் மனைவி.

அந்த மாத்திரை கிருமியை ஒழிக்காது; அடக்கி வைக்கும். கிள்ளுகிற சதையில் கிருமி கிடைக்காது. டாக்டர் அன்று குழாய் விடவில்லை. எரிச்சலுக்கு ஒரு பாட்டில் மருந்து மட்டும் கொடுத்து, இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அவர் இளைத்திருந்தார்.

"எரிச்சல்ல படுக்க முடியாம உக்காந்துகினேதான் தூங்குது. இந்தத் தடவையும் வளரலைன்னா இன்னொரு தடவ கேக்காதீங்க. நான் அனுப்ப மாட்டேன்" என்றார் மனைவி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று கிள்ளிய துணுக்கை அரைத்து, புது ரத்தம் கலந்த தட்டில் தேய்த்து, ஆக்சிஜனைக் குறைக்கும் பொட்டலத்தோடு ஜாடியில் போட்டு மூடினேன். எந்தத் தட்டானாலும் மூன்றாம் நாள் தூக்கிப் போட்டுவிடுவது எங்கள் ஆய்வக வழக்கம்.

"என்னா தம்பி, ஊறுகாயா போட்டு வச்சிருக்க? எடம் அடைக்குது, எடு" என்றார் சீனியர் மேடம்.

"இது மெதுவாத்தான் வளரும் மேடம். தொறந்தா காத்துப் பட்டுச் செத்துடும்."

"வளரலைன்னா அந்தம்மாகிட்ட நீயே போய் சொல்லிக்க."

ஒரு வாரம் தாண்டித் திறந்தேன். தட்டில் தண்ணீர் தெறித்ததுபோல் ஊசிமுனைப் புள்ளிகள். மேடம் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்துவிட்டு, பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். மருந்துச் சோதனையில், அந்தச் சுரங்கத் தொழிலாளி இரண்டு முறையும் விழுங்கிய மருந்துகளில் ஒன்றைச் சுற்றிக் கிருமி சாகாமல் தாராளமாக வளர்ந்திருந்தது. டாக்டர் அந்த மருந்தை மாற்றி எழுதினார்.

"அப்ப இவ்ளோ நாளா நான் தின்னது வீணா?" என்று கேட்டார் அவர்.

"அது ஒண்ணு மட்டும் கேக்கலண்ணே."

அவர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

மருந்து முடிந்து சில வாரம் கழித்துச் செய்த மலச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. ரிப்போர்ட் வாங்க மனைவி மட்டும் வந்தார். கணவருக்கு அன்று ஷிஃப்ட்.