அரபுப் பத்திரிகையைத் தலைகீழாகப் படித்த அண்ணன்

என் அண்ணனுக்கு அரபியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. அரபுப் பத்திரிகை என்ன சொல்கிறது என்பது மட்டும் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்! அப்படித்தான் அவர் நினைப்பு. அந்த நினைப்பு எங்கள் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற டைப்பிங்கை நம்பி வளைகுடாவுக்குப் போனவள் நான். அங்கேயே அரபியும் கற்றுக்கொண்டு, ஒரு டைப்பிங் சென்டரில் விசா மனுவும் வாடகை ஒப்பந்தமும் அரபியில் அடித்துக் கொடுத்தே என் இளமை தீர்ந்தது. கல்யாணம் ஆகவில்லை. பர்மாவுக்குத் திரும்பி வந்து, ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற தன்லியினில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். அங்கிருந்து கொண்டுவந்த ஒரே பழக்கம், காலையில் அரபுப் பத்திரிகையின் கருத்துப் பக்கத்தைப் படிப்பது. கரண்ட் இருக்கும் நேரத்தில் அரசாங்கத் தடையைத் தாண்டப் போனில் விபிஎன் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படிப்பேன்.

நான் விட்டுவந்த அதே ஊரில், துறைமுகக் கிடங்கு ஒன்றில் அண்ணன் மகன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அண்ணி பர்மாக்காரி. தமிழ் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். வளைகுடாவில் சண்டை மூளும் என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து தினமும் காலையில் மாடிப்படியின் கீழே வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?

அதற்காகவே நான் எல்லாப் பத்திரிகையையும் துழாவினேன். ஒருவர் எழுதுவார், அந்நியப் படைத்தளம் நம் மண்ணில் இருப்பதுதான் எல்லா வம்புக்கும் காரணம் என்று. அடுத்த பத்திரிகையில் இன்னொருவர், அந்தத் தளம் இல்லாவிட்டால் பக்கத்து நாட்டுக்காரன் எப்போதோ வந்து உட்கார்ந்திருப்பான் என்பார். ஐரோப்பாவில் இருந்துகொண்டு எழுதுகிற ஒருவருக்கு மழை பெய்தாலும் சதிதான். எனக்கு நம்பிக்கை இருந்தது ஒருவர்மேல் மட்டும். எப்போது பார்த்தாலும் முணுமுணுக்கிற, தன் அரசாங்கத்தையும் இடிக்கிற அளவுக்கு இடிக்கிற மனுஷர். அவர் எழுதினார், அந்நியப் படைக்காரனும் பக்கத்து நாட்டுக்காரனும் கத்திவிட்டு ஓய்வார்கள், இந்த ஊர் ஜனங்கள் மூட்டை கட்ட வேண்டிய அவசியமில்லை என்று. நான் கீழே ஓடிப்போய் அண்ணனிடமும் அண்ணியிடமும் படித்துக் காட்டினேன்.

அண்ணன் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "வராதுன்னு போட்டுட்டானா? அப்ப வந்துருச்சு."

பர்மாவில் பிழைத்தவர்களுக்கு இது புதிதில்லை. அரிசி போதுமான அளவு கையிருப்பில் உள்ளது என்று அரசாங்கம் நடத்துகிற ரங்கூன் பேப்பரில் வந்தால் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். பெட்ரோல் தட்டுப்பாடு கிடையாது என்று வந்தால் டின்னோடு வரிசையில் நிற்பார். இன்ன நோட்டு செல்லும், வதந்தியை நம்பாதீர் என்று வந்தால் அன்றைக்கே அதை மாற்றிவிடுவார். ஒரு தடவைகூட அவர் கணக்கு பிசகியதில்லை. எங்கள் வீடு இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே பேப்பரைத் தலைகீழாகப் படித்துத்தான்.

"அண்ணே, அது அந்த ஊரு பேப்பர். நம்ம ஊரு பேப்பர் இல்ல."

"பேப்பர்னா எல்லாம் ஒண்ணுதான்டி. அது எவன் காசுல அச்சாகுது, சொல்லு பாப்பம்."

அரண்மனைக்காரர்கள் காசில் அச்சாகிற பேப்பர்தான். ஆனால் அரண்மனைக் காசிலும் உண்மை எழுதுகிற நாள் உண்டு. எது அந்த நாள் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அத்தனை வருஷம் படித்தேன். அதை இவருக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

வேறொரு நாள், குண்டு விழுந்து நாசமான ஓர் அரபு நகரத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். காப்பாற்ற வருகிறோம் என்று வரும் அந்நியப் படை, வந்ததும் வீட்டுப் பூட்டைத்தான் முதலில் மாற்றும் என்பது அவர் கட்சி. அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரணம் எனக்குத் தெரியும். பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்து, ரங்கூன் தெருவில் பிள்ளைகள் இங்கிலீஷில் அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுப் படையே வா, வந்து எங்களைக் காப்பாற்று என்று நின்ற வருஷம், அண்ணனும் வாசலில் நின்று தகரத்தைத் தட்டினார். ஆற்று முகத்துவாரத்துக்கு வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்துவிட்டதாமே என்று போட்டாதாங் படகுத்துறைக்கே போய் விசாரித்துவிட்டு வந்தவர் அவர்.

"படை வந்து கெட்டவன் எழுதுறான். வராம கெட்டவன் எங்க போயி எழுதுறது?" என்றார்.

ஆனால் மகனை ஊருக்கு வரச்சொல்லப் போகிறேன் என்று அவர் போனை எடுத்தபோது நான் விடவில்லை.

"இங்க வந்து என்ன செய்வான்? பட்டாளத்துக்கு ஆள் சேக்க வார்டு ஆபீசுல பேர் எழுதுறானுங்கண்ணே. அங்கயே கெடக்கட்டும்!"

"ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயிருவான்."

"திரும்பிப் போக உடுவானா?"

"அவன் என் மகன்டி. நீ படிச்சுச் சொன்னாப் போதும். அர்த்தம் நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டார். பையன் வந்தான். அண்ணி மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் செய்து தெருவுக்கே கொடுத்தாள். எனக்கு ஒரு சென்ட் பாட்டில், அண்ணிக்குப் பேரீச்சம்பழம். "அத்தை, உங்க பழைய கடை இப்ப செல்போன் கடை" என்று கிண்டலடித்தான். அவனைப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

சண்டை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பகல் அந்த ஊர் வானத்தில் ஏவுகணைகள் பறந்தன. நடுவழியிலேயே சுட்டு வீழ்த்தினார்கள், மிச்சம் கடலில் விழுந்தது. மறுநாள் கடைகள் திறந்தன. முணுமுணுப்புக்காரர் மறுபடி மீன் விலையைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார். கிடங்கிலிருந்து சிநேகிதன் சேதி அனுப்பினான், உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, வா என்று. பையன் பெட்டியோடு ஏர்போர்ட்டுக்குப் போனான். இந்த வயதுக்காரர்கள் வேலைக்கென்று வெளிநாடு போகக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் வார்டு ஆபீசில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். அவன் பேர் வந்தது, கொண்டுபோய்விட்டார்கள்.

"சொன்னேனா இல்லையா?" என்று நடுவீட்டில் நின்று கத்தினேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. அதற்குப் பிறகு நான் கத்தவில்லை, ஆனால் மனசு ஆறவுமில்லை. குண்டு விழுகிற ஊர் என்று பயந்து பிள்ளையைத் துப்பாக்கி கொடுக்கிற ஊருக்கு வரவழைத்த கூத்தை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வேன்?

இப்போது அண்ணன் தினமும் மாடி ஏறி வருகிறார். முழங்கால் வலியோடு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு கேட்பார், "அரபுக்காரன் நம்ம நாட்டப் பத்தி எதாச்சும் எழுதிருக்கானா?" ஒரு வரி இருக்காது. "இல்லண்ணே" என்பேன். வெளிநாட்டுப் படை வரலாமா கூடாதா என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொள்கிறவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

போன வாரம் கையில் ரங்கூன் பேப்பரோடு வந்தார். பர்மிய எழுத்தை என்னைவிட வேகமாகப் படிக்கிறவர், பேப்பரை என்னிடம் நீட்டி, "நீ படி" என்றார். மொட்டையடித்த பையன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற படம். முகம் எதுவும் தெளிவாக இல்லை. சத்தமாகப் படித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் நல்ல உடல்நலத்தோடு, வயிறார உண்டு, உற்சாகமாக இருக்கிறார்கள். யாரையும் போர்முனைக்கு அனுப்பும் எண்ணமில்லை.

படித்து முடித்துவிட்டுக் காத்திருந்தேன், "அப்ப" என்று அவர் ஆரம்பிக்கப் போகிறார் என்று. படிக்குக் கீழே அண்ணி வந்து நின்றிருந்தாள். அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றார். "இத மட்டும் நேராப் படிக்கலாம்ல?"

"ஆமாண்ணே" என்றேன். "இது நேராப் படிக்க வேண்டியதுதான்."