அறைக்கு நான்கு பேர்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. இப்போது சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸுக்கும் ஏஐ வந்துவிட்டது. முதலாளி ஒரு வரி தட்டுகிறார். மயிலும் குழந்தையும் நொடியில் வந்து நிற்கின்றன. எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த எரிச்சலில் ஒரு வேலையை ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதனிடம் எங்கள் ஊர்ப்பக்கத்தை வரையச் சொல்வேன். வருகிற படத்தைப் பளபளப்பான தாளில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, தப்பாகப் போட்டதை மட்டும் தண்ணீரில் கரையும் வெள்ளை பெயின்ட்டால் மூடித் திருத்துவேன். ஆனைக்குட்டம் அணைக்குப் பின்னால் அது பனிமலையே எழுப்பியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று சிரித்துக்கொண்டே மலையை அழித்தேன். அதற்குத் தெரியாததைப் பார்க்கப் பார்க்க, எனக்கு எல்லாம் தெரியும் என்ற கர்வம் ஏறியது.

போன மாதம் பட்டாசு செய்யும் அறை ஒன்றைக் கேட்டேன். சின்ன அறைக்குள் பன்னிரண்டு பெண்களை நெருக்கி உட்காரவைத்திருந்தது; எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நடுவில் ஒரு குத்துவிளக்கு வேறு எரிந்தது. முதலில் அதை அணைத்தேன். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் இங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். தீப்பிடித்தால் ஓட வழி வேண்டுமே. என் மனைவி அப்படி ஓர் அறையில்தான் வேலை பார்க்கிறாள். எட்டுப் பேரை வெள்ளையால் மூடினேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்கு இம்புட்டு வெள்ளை அடிச்சிருக்கீக?"

"மெஷினுக்கு என்ன தெரியும்? பன்னெண்டு பேரப் போட்டிருச்சு."

"சரியாத்தான போட்டிருக்கு. சீசன்ல ஆர்டர் குவிஞ்சா அம்புட்டுப் பேருந்தான் உக்காருவோம். ஆபீசர் செக் பண்ண வந்தா மட்டும் மிச்சப் பேர மரத்தடிக்குப் போகச் சொல்லுவாக."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா வேலைக்கு விடுவீகளா?"

மெஷினுக்கு அந்த அறை தெரியாது. கூட்டம் இருந்தால் படம் நிறையும் என்று போட்டிருக்கும். எல்லாம் தெரிந்த நான் சட்டத்தைப் பார்த்து அழித்திருக்கிறேன். இத்தனை வருஷம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஈரத்துணியை எடுத்து வெள்ளையைத் துடைத்தேன். ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். அவள் குனிந்து, கதவிலிருந்து தள்ளி, எல்லோருக்கும் பின்னால் மூலையில் இருந்தவள்மேல் விரலை வைத்தாள்.

"நான் இங்கன உக்காருவேன்."