இலக்கம் யாருக்குச் சொந்தம்

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் மூன்று பேர்தான். புடவைக்கடைக்கும் மேல்மாடிக்கும் சொந்தக்காரரான ஹாஜியார், யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒருவர், பிறகு நான். யுத்தம் என்றாவது முடியும், அன்றைக்கு ஒவ்வொரு கந்தோரிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கடிதம் எழுத ஆள் தேடுவார்கள் என்று ஹாஜியார் நம்பினார். அதற்காகக் கணினிக்கு ஓர் எழுத்துச் செயலியை யாழ்ப்பாணத்துக்காரரும் நானும் கட்டிக்கொண்டிருந்தோம்.

எழுத்துருவும் விசைப்பலகையும்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தோம். எங்களைத் தின்றது வேறொன்று. ஓர் உறுதிப்பத்திரத்தில் 1, 2 என்று பந்திகள், அவற்றுக்குள் (அ), (ஆ). நடுவில் ஒரு பந்தியைச் செருகினால் கீழேயுள்ள இலக்கங்கள் தாமாக மாற வேண்டும். அது சுலபம். ஆனால் ‘உட்தலைப்பு’ என்று ஒரு பாணி வைத்திருக்கிறோம். அதற்கென்று எழுத்தளவும், ஓரத்திலிருந்து இவ்வளவு தள்ளி என்ற கணக்கும் உண்டு. இலக்கப் பட்டியலும் தன் பங்குக்கு ஓர் இடைவெளி கேட்கும். ஒரே பந்தியில் இரண்டும் வந்தால் யார் பேச்சைக் கேட்பது? தட்டச்சு செய்பவர் இலக்கத்தை எடுத்துவிட்ட பிறகு, யாரோ பாணியை மாற்றினால், எடுத்த இலக்கம் திரும்பி வரலாமா?

“இலக்கம் பந்திக்குச் சொந்தமில்லை. பாணிக்கும் சொந்தமில்லை,” என்பார் யாழ்ப்பாணத்துக்காரர். “பட்டியல் எண்டு ஒண்டு தனியா இருக்கவேணும். பாணி அதைக் காட்டிவிட்டாக் காணும்.”

“டைப் பண்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அவங்க கண்ணுக்குத் தெரியிறது பந்தி மட்டுந்தான். அவங்க கையால செஞ்சத நாம மாத்தக் கூடாது.”

ஒரு மழைக்காலம் முழுக்க இதையே பேசினோம். கடைசியில் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். பட்டியல் தனியாக இருக்கும். பாணி அதில் ஒரு படியைச் சுட்டும். இடைவெளியைப் பட்டியல் சொல்லும். பாணி தானாக ஒன்றைச் சொன்னால் பாணி வெல்லும். தட்டச்சு செய்பவர் கையால் நகர்த்தினால் அதற்கு மேல் பேச்சில்லை. இலக்கத்தை எடுத்தால், இங்கே எடுக்கப்பட்டது என்பதையும் செயலி நினைவில் வைத்திருக்கும். அன்றைக்கு அவர் கீழே போய் மூன்று பேருக்கும் வடை வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகு சோதனைத் தாள்கள். பொருளில்லாத நாலைந்து சொற்கள் திரும்பத் திரும்ப, எல்லா வகை இலக்கங்களோடும். பிழை விழுந்த இடங்களை அவர் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். மிச்சத்தை அறையில் பார்க்கிறேன் என்று பையில் வைத்துக்கொண்டு போவார்.

அந்த நாட்களில்தான் கண்டி நகரத்தில் குண்டு வெடித்தது. அடுத்த நாள் கடைகளைக் கல்லால் அடித்தார்கள். அதன் பிறகு தமிழர் வாடகைக்கு இருந்த வீடுகளில் தேடுதல். பொலிசில் பெயர் பதிந்த துண்டுச்சீட்டு அவரிடம் ஒழுங்காக இருந்தது. இருந்தும் ஒரு காலையில் வந்து, பையோடு அவரைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரம்மா ஹாஜியாருக்குப் போன் பண்ணினார்.

என் அப்பா மாநகரசபையில் கிளாக்கர். “பொம்பளப் புள்ள நீ போகாத. போனா உன் பேரையும் சேத்து எழுதிக்குவாங்க,” என்றார். ஹாஜியாரோடு போனேன்.

இன்ஸ்பெக்டர் மேசையில் எங்கள் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல் சிங்களத்தில்தான் கேட்டார்.

“இது என்ன இலக்கம்? ஒன்றுக்குப் பிறகு மூன்று வருகிறது. இரண்டு எங்கே?”

அந்த இரண்டு எங்கே போகிறது என்றுதான் நாங்களும் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

“அது பிழை, மாத்தயா. திருத்துவதற்காகத்தான் அச்சடித்தோம்,” என்றேன்.

“பிழையை யாராவது அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்களா?”

ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். பாணி, பட்டியல், பந்தி என்று மூன்று கட்டம் போட்டு, எது எதைச் சுட்டுகிறது என்று சிங்களத்தில் விளக்கினேன். என் வாழ்க்கையில் அதை அவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். “நன்றாகத்தான் பாடமாக்கி வந்திருக்கிறாய்,” என்று சொல்லிவிட்டு என் விலாசத்தை எழுதிக்கொண்டார். நான் வரைந்த தாளும் அந்தக் கட்டோடு சேர்ந்தது.

ஹாஜியார், “அவன் நம்மட பொடியன் சேர், நான் பொறுப்பு,” என்று பல தடவை சொன்னார். ஹாஜியாரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நான் வெளியே வரும்போது, உள்ளே ஒரு வாங்குப் பலகையில் யாழ்ப்பாணத்துக்காரர் உட்கார்ந்திருக்கக் கண்டேன். முகம் வீங்கியிருந்தது. “அம்மாவுக்கு அறிவிக்க வேண்டாம்,” என்றார். கான்ஸ்டபிள் தமிழில் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிறகு அவரைத் தெற்கே ஏதோ தடுப்பு முகாமுக்கு மாற்றினார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. நான் தனியாக வேலையைத் தொடர்ந்தேன். காணாமற் போன இரண்டைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுதுதான் எடுத்தது. எழுத்து ஒன்றுமில்லாத வெற்றுப் பந்தி ஒன்று அதை எடுத்துக்கொண்டிருந்தது. திரையில் காட்டாமல், எண்ணிக்கையில் மட்டும் சேர்த்திருந்தோம். ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. இதைச் சொல்லச் சுற்றிவர ஆள் இல்லை. ஹாஜியாரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார், ஆனால் விளங்காது. ஜன்னலைச் சாத்திவிட்டு வெகுநேரம் அழுதேன்.

அடுத்த மழைக்காலமும் முடிந்த பிறகுதான் அவரை விட்டார்கள். ஒரு திங்கட்கிழமை படியேறி வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வெற்றுப் பந்தியைக் காட்டினேன்.

“ஓம். சரிதான்,” என்றார்.

பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் எழுந்து கீழே போய்விட்டார். அந்த வாரம் தினமும் வந்தார்; ஒரு தாளையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார்:

“எனக்கு இனி ஏலாது. இலக்கத்தைக் கண்டா அவங்கள் கேட்டதெல்லாம் திரும்பக் கேக்குது.”

“கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வாங்க.”

“எந்த வீட்டில?” என்றார்.

ஊரில் அவர்கள் வீடு இருந்த காணி அப்போது இராணுவத்தின் கையில். அம்மா யாரோ உறவினர் வீட்டில் இருந்தார். வவுனியா வரை போய்ப் பார்க்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஹாஜியார் விசாரிக்காத ஆளில்லை.

செயலியை எப்படியோ முடித்து நகரத்தில் ஒரு கந்தோருக்கு விற்றோம். பழக்கிக் கொடுக்க நான் போனேன். அங்கே தமிழ்க் கடிதங்கள் அடிக்கும் பெண் நல்லவள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“மிஸ், இது தானா நம்பர் போடுது. தலையிடியா இருக்கு. நிப்பாட்டித் தாங்களேன்.”

நிறுத்தும் வழியையும் நாங்கள் வைத்திருந்தோம். காட்டிக்கொடுத்தேன். அவள் ஒன்று என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விசையை ஐந்தாறு தரம் தட்டி எழுத ஆரம்பித்தாள். அடுத்த வரிக்கு இரண்டு என்று தானே அடித்தாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஹாஜியார் புடவைக்கடை வாசலில் காத்துக்கொண்டு நின்றார்.

“எப்பிடி புள்ள, நம்மட புரோகிராமப் பாவிக்கிறாங்களா?”

“பாவிக்கிறாங்க ஹாஜியார்,” என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.