முடிச்சுப் போட்ட சீலை

ஈரத் துணி காற்றில் படபடக்கும் சத்தம்... அதோடு சேர்ந்து வரும் நீலம் போட்ட வாசனை. அம்மா வீட்டில் இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

இதை நம் குழுவில் மட்டும் எழுதுகிறேன். தம்பி பக்கத்தில் தூங்குகிறான். போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இன்று வகுப்பில் டீச்சர் ரகசியச் செய்திகளின் வரலாறு சொன்னாரே... தூதுவனின் தலையை மழித்து, அதில் எழுதி, முடி வளர்ந்த பிறகு அனுப்பினார்களாம். "அவசரமெண்டா முடி வளருமட்டும் பாத்துக்கொண்டா நிக்கிற, டீச்சர்?" என்று கடைசி வாங்கிலிருந்து யாரோ கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பாக்கிறவனுக்கு அது செய்தியெண்டே தெரியக் கூடாது. அதுதான் கெட்டித்தனம்."

அப்போதே எனக்கு அம்மாவின் துணிக்கொடி நினைவு வந்தது. இரவு உங்களுக்கு அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லத்தான் இருந்தேன்...

எங்கள் வீடு படுவான்கரையில், வாவியை ஒட்டியது. அப்பா விடியற்காலையில் தோணியில் இறால் பிடிக்கப் போவார். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனைக் கொண்டுபோக மாட்டார். அதனால் அம்மா கொடியில் துணி போட்டுத்தான் அவரோடு பேசுவார். அப்பா உடுக்கும் நீலச் சாரம் என்றால் சாப்பாடு தயார். மஞ்சள் சீலை என்றால் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வா.

ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி தன் மஞ்சள் சீலையை எங்கள் கொடியில் காயப்போட்டுவிட்டார். அப்பா நனைந்த சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தலையையும் வாரிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எங்க, வந்த ஆக்கள்?"

"நான்தான்கா வந்த ஆள். மாப்பிள்ள மாதிரியெல்லோ வாறீங்க!" என்றார் மாமி. அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளி கவிழ்ந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மா முடிச்சைக் கண்டுபிடித்தார். உண்மையான ஆபத்து என்றால், எந்த நிறச் சீலையானாலும் கீழ் மூலையில் பெரிய முடிச்சு. "ஒருத்தரும் முடிச்சுப் போட்டுக் காயப்போட மாட்டாங்க, மகள். காயாதெல்லோ. அப்ப அது நாமதான்" என்றார். முடிச்சுப் போட்ட மூலை காற்றில் பறக்காது, கனத்துத் தொங்கும். தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரே ஒரு முறைதான் போட்டார். தம்பிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கொடியடியில் நின்று வாவியையே பார்த்தார். அப்பா தோணி வலிக்கும் சவளைத் தண்ணீரிலிருந்து எடுத்து நெட்டுக்குத்தாக உயர்த்தினார். கண்டுவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். "கண்டிட்டார்" என்று அம்மா மூச்சு விட்டார். அப்பா அன்று தோணியை வலித்து வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். போர்த்திப் படுக்க என்று ஊதாப்பூப் போட்ட பழைய சீலையைப் பெட்டியில் வைத்தார். அப்பா இப்போது இரவில் தொழிலுக்குப் போகிறார். மாமி எங்களுக்குத் துணைக்கு வந்து படுக்கிறார்.

இன்று பின்னேரம் வீடியோ கோல் வந்தது. எப்போதும் போல அம்மா வேலை செய்யும் வீட்டு மேடம் பக்கத்திலேயே நின்றார், அவருடைய கை மட்டும் தெரிந்தது. அம்மா சிரித்தார். "நான் நல்லா இரிக்கன். நீங்க சாப்பிட்டயளா?" என்றார். அம்மாவுக்குப் பின்னால் கொடியில் வெள்ளை விரிப்புகள். அம்மா போனைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பினார். கடைசியில் அந்த ஊதாப்பூச் சீலை...

கீழ் மூலையில் முடிச்சு.

"சரியம்மா" என்று மட்டும் சொன்னேன். கோல் முடிந்தது.

அப்பா வலையைத் தூக்கித் தோளில் போட்டார். "கொம்மா மெலிஞ்சிட்டா. ஆனா சிரிச்சாதானே" என்றார்.

"அப்பா... பின்னால கொடியப் பாத்தீங்களா?"

"முகத்தப் பாக்கிறதா, கொடியப் பாக்கிறதா, புள்ள?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிறுகிப் பார்க்காமல் நடந்தார்.

வாவியின் நடுவிலிருந்து அம்மாவின் முகம் தெரியாது. அதனால் அப்பா துணியைப் பார்த்தார். இப்போது முகம் கைக்குள் வந்துவிட்டது. பாவம், அவர் அதை மட்டும்தான் பார்த்தார்.

பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தம்பி "அம்மா சிரிச்சா, அம்மா சிரிச்சா" என்று துள்ளிக்கொண்டிருந்தான். சொன்னால் அவன் அடுத்த கோலில் உளறிவிடுவான். மேடம் போனைப் பறித்துவிடுவார். இந்தப் பயத்திலேயே நின்றுவிட்டேன். அதற்குள் தோணி போய்விட்டது.

சற்று முன் அம்மா விட்டுப்போன பச்சைச் சீலையை எடுத்தேன்.

"எங்ககா போறாய் இந்த நேரத்தில?" என்றார் மாமி, கண்ணைத் திறக்காமலே.

"துணி காயப்போட, மாமி."

"சாமத்திலயா? கொம்மா இருந்த காலத்தில ஒரு துண்டு அலசியிருப்பியா நீ!" என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

மூலையில் முடிச்சுப் போட்டுக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அம்மா போன பிறகு அந்தக் கொடியில் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைகளைத் தவிர ஒன்றும் காய்ந்ததில்லை. விடியும்போது அப்பா அதைக் காண்பார். சவள் உயரும். பிறகு நானும் அவரும் ஏஜென்சிக்காரரிடம் போவோம், கேட்க வேண்டிய எல்லோரிடமும் போவோம்.

ஆனால் அன்று அம்மாவுக்கு முன்னால் ஒரு சவள் உயர்ந்தது. இன்று அவர் முடிச்சைப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்...

நான் கண்டுவிட்டேன் என்று அம்மாவுக்குத் தெரியாது.