வெறுங்கையோடு பஸ் நிறுத்தம் வரை

எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் புகுந்த வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப். ஆண்டிபட்டியில் இருக்க வேண்டிய என் அப்பா அதிலிருந்து இறங்கினார். பின்னாலேயே அம்மா, அவளுக்குப் பின்னால் தாய்மாமன். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேரும் ஒன்றாக வந்தால் ஒன்று சாவு, இல்லை பஞ்சாயத்து. யாருக்கு என்ன ஆனதோ என்று பதறி எழுந்தேன். அப்போது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்க மச்சான், அழுதுகிட்டுத்தான் இருக்கா," என்றார் மாமா.

"துணிமணிய எடுத்து வை ஆத்தா. போவோம்," என்றார் அப்பா.

எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு விளையாட்டுப் பெட்டி. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சிநேகிதர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. சின்னத் திரை, அதில் ஒரு குண்டுப் பிராணி. கரடியா பூனையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் அது நம் காலடியை எண்ணும். எண்ணிக்கை ஏற ஏறப் பிராணி குதிக்கும், கையாட்டும். ஒரு நாள் நடக்காவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வீட்டுக்காரர் சின்னமனூரில் உரக்கடை வைத்திருந்தார். பக்கத்துத் தெருவுக்குக்கூட பைக்கில்தான் போவார். அவரிடம் வந்ததிலிருந்து அது முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இங்கன குடுங்க," என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நடக்கிற நடை அதற்குப் பத்தவில்லை. அதனால் சாயங்காலமானால் பெட்டியைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டு, வாய்க்கால் ஓரமாக மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவேன். மற்ற பக்கமெல்லாம் வயலும் சேறும். கால் கூசாமல் நடக்க அந்த ஒரு தார் ரோடுதான் இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு பொம்பளை நடந்து போனால் கையில் ஏதாவது இருக்கும். குடம் இருக்கும், தூக்குவாளி இருக்கும், தலையில் புல்லுக்கட்டாவது இருக்கும். என்னிடம் ஒன்றும் இல்லை. "எங்கன போறீக மதினி?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "சும்மாதான்" என்று இளித்துவிட்டுப் போனேன். ஒரு புதுப்பெண் வெறுங்கையோடு பஸ் நிறுத்தம் வரை போய், வருகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டு, ஏறாமல் திரும்பினால் ஊர் என்ன நினைக்கும் என்று கொஞ்சம் கூறுள்ளவள் யோசித்திருப்பாள். நான் பிராணி கையாட்டுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். புருசனோடு சண்டை, தாய்வீட்டுக்குக் கிளம்புகிறாள், துணிச்சல் பத்தாமல் திரும்பிவிடுகிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆண்டிபட்டிக்காரி ஒருத்தியும் அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். அவள்தான் போன் பூத்துக்குப் போய் அப்பாவுக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள்.

கடைக்கு ஆள் அனுப்பி வீட்டுக்காரரை வரவழைத்தார்கள். வந்தவரை அப்பா உட்காரக்கூட விடவில்லை.

"மாப்ள, எம் மகளக் கை நீட்டி அடிச்சீகளா?"

அவர் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார், "எம் மகன் அப்பிடிப்பட்டவன் இல்லீக," என்று தொடங்கினார். "நான் கேக்குறது மாப்ளகிட்ட," என்று அப்பா வெட்டிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. ஆத்திரமாக வந்தது. பெட்டியை எடுத்து வந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். இதற்காகத்தான் நடந்தேன், நடக்காவிட்டால் இது மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் என்று முதலிலிருந்து விளக்கினேன். பொம்மைக்காக நடந்தேன் என்று பெரியவர்கள் முன்னால் சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று சொல்லும்போதே தெரிந்தது. ஆனாலும் மாமா குனிந்து திரையைப் பார்த்தார். பாதி நம்பிவிட்டார்.

மாமியார் அதைக் கையில் எடுத்தார். பாவம், என்னைக் காப்பாற்றத்தான் எடுத்தார். "ஆமாங்க, நடந்தாத்தான் இது ஆடும்," என்று சொல்லிக்கொண்டே மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கிக் காட்டினார். எண் கடகடவென்று ஏறியது. பிராணி சந்தோஷமாகக் குதித்தது.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உக்காந்த எடத்துலயே ஆட்டுனாப் போதும்போலயே," என்றார் மாமா. "அப்பறம் எதுக்கு ஆத்தா தினமும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போன?"

குலுக்கினாலே ஏறும் என்பது சத்தியமாக எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? "எனக்கு நடக்கப் பிடிச்சிருக்கு," என்றேன். அதுவும் உண்மைதான். அதை இன்னும் மோசமான பொய்யாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரே யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். "எங்ககிட்டச் சொல்ல முடியாத கொற எதும் இருக்காத்தா?" என்று மாமியார் அழத் தொடங்கினார். ஒரு குலுக்கலில் என் வாழ்க்கை முடிந்துவிடும் போலிருந்தது. அப்பா மறுபடியும் துணியை எடுத்து வைக்கச் சொன்னார்.

அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்தாள். "இருங்க. நான் அவளக் கூட்டிக்கிட்டுக் கொஞ்சம் நடந்துட்டு வாரேன்."

வாய்க்கால் ஓரமாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என் ரவிக்கைக் கையை மேலே தள்ளித் தோளைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். காயம் தேடுகிறாள் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

"அடிக்கிறாரா?"

"இல்லம்மா. நல்லாத்தான் பாத்துக்கிறாக. நடக்கத்தான் வந்தேன், சத்தியமா."

"சரி. நம்புறேன்."

"இத வீட்டுல இருந்தே நம்பியிருக்கலாம்ல? ஜீப்பு பிடிச்சா வரணும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பலகையில் உட்கார்ந்தாள்.

"நானும் இப்பிடித்தான் போவேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவேன். அப்பல்லாம் உங்கப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. ஊரே பாத்துச்சு. ஒருத்தரும் எங்க வீட்டுக்குச் சொல்லல. உங்க மாமன் அப்ப ட்ரவுசர் போட்ட பய."

அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. சற்று முன்னால் மாப்பிள்ளையை நிற்க வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்.

"ஒரு நா பஸ்ஸுல ஏறிட்டேன்," என்றாள் அம்மா.

"அம்மாச்சி வீட்டுக்கா?"

"அங்கன போனாத் திருப்பி அனுப்பிருவாக. டேமுக்குப் போற பஸ்ஸுல ஏறுனேன்."

வைகை அணையில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சாகத்தான் போயிருக்கிறாள் என்று அப்போது உறைத்தது. அடுத்ததைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன்.

"அப்ப நானு?"

"உன்ன எங்கன விட்டுட்டுப் போறது? இடுப்புலதான் இருந்த. அம்புட்டுத் தண்ணியப் பாத்ததும் கை தட்டிச் சிரிச்ச. அப்பிடியே திரும்பி வந்துட்டேன்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா," என்றாள் அம்மா. அப்பா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பிவிட்டார். கண் கலங்க என் பக்கத்தில் வந்து, தலையைத் தடவக் கையை நீட்டினார். நான் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.