சென்செய் போட்ட கையெழுத்து

வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் தொழிற்சாலை அது. பதினோரு வருஷமாக அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு, பிரஸ் மெஷினில் கை எதுவரை போகலாம், எதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையை அவள்தான் காட்டிக்கொடுப்பாள்.

ஒருநாள் மேனேஜர் கூட்டம் போட்டார். பயிற்சி கொடுப்பவர்கள் இனிமேல் ‘சென்செய்’. ஜப்பானில் குருவுக்கு அதுதான் பேராம். அவள் தலையில் ஒரு பச்சைத் தொப்பியை வைத்துக் கைதட்டினார்கள். சம்பளம் ஏறவில்லை. பெண்கள் வாயில் பேர் நுழையாமல் ‘செஞ்சே’ ஆகி, லைன் முழுக்கச் சிரிப்பு. பஸ் ஓட்டுகிற புருஷன் மட்டும், தொப்பி போட்டதே தலையில் மிளகாய் அரைக்கத்தான் என்றான்.

மாசக் கடைசியில் ஆர்டர் குவிந்தது. மெஷினின் பாதுகாப்பு மூடியைத் திறந்து மூட நேரமாகிறது, கழற்றிவிடுங்கள் என்றார் மேனேஜர். அவள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ரெண்டு நாள்தானே என்றார். அன்று சாயங்காலமே மூடிகளைக் கழற்றிவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம், சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அக்கா தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிவரை போனாள். அடுத்த நாள் ஸ்டோரில் புதுத் தொப்பி கொடுத்தார்கள்.

கம்பெனி எழுதிய விசாரணை அறிக்கையில் மூடியைப் பற்றி ஒரு வரி இல்லை. பயிற்சி போதவில்லை, பொறுப்பு சென்செய் என்று இருந்தது.

“மூடியக் கழட்டச் சொன்னது நீங்க சார்.”

“எழுத்துல இருக்கா? குரு நீங்கதானே அம்மா, உங்களத்தானே கேப்பாங்க.”

அறிக்கையில் கையெழுத்துப் போடாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: “நீங்க நல்லாத்தானே சொல்லிக்கொடுத்தீங்க? அத ஏன் அவங்ககிட்ட சொல்லல?”

அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். மூன்று வாரம் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டாள். அதிகாரி வந்தார். அதற்குள் எல்லா மெஷினிலும் மூடியை மறுபடி மாட்டியிருந்தார்கள், பளபளவென்று இருந்தது. அவர் அறிக்கையை நீட்டி, இது உங்க கையெழுத்துதானே என்றார். ஆமாம் என்றாள். கோப்பை மூடிவிட்டார்.

அந்த வாரமே அவள் வேலை போயிற்று. இப்போது ஒரு சலவைக் கடையில் போர்வை மடிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.